ரத்தக்குழாய் சிகிச்சை அறையில் பெண்களும் கதிர்வீச்சும்: படிப்படியான முழு வழிகாட்டி

கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே பார்த்தபடி ரத்தக்குழாய் சிகிச்சை செய்யும் அறையில், புதிதாகச் சேரும் நர்ஸ் முதல் நாள் செய்கிற முதல் காரியம், கொக்கியில் தொங்கும் ஏதாவது ஒரு லெட் ஏப்ரனை, அதாவது கதிரைத் தடுக்கும் ஈயக் கவசத்தை, எடுத்து மாட்டிக்கொள்வதுதான். அது பெரும்பாலும் உயரமான ஓர் ஆணின் அளவுக்கு வாங்கியதாக இருக்கும். கை நுழையும் துளை விலாவில் பாதி வரை இறங்கி நிற்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சில வருடங்கள் கழித்தும் அவர் அதே ஏப்ரனைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

நானும் அப்படித்தான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பிறகு ரேடியோகிராஃபராகப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது, ஒவ்வொருவரும் ஒரே இடங்களில் தடுக்குவதைப் பார்த்தேன். பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கும் ஈவார், கால் ரத்தக்குழாய் பலூன் சிகிச்சை, ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் போன்று தொடை இடுக்கில் சிறு துளையிட்டுச் செய்யும் சிகிச்சைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களோடு வேலை செய்யும் ஆண்களும், டியூட்டி போடுகிறவர்களும் படித்தால் இன்னும் நல்லது. ஏழாவது பகுதி மட்டும் மேசையில் படுத்திருக்கும் பெண் நோயாளியைப் பற்றியது.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஏப்ரன், பிறகு மேசை உயரம், பிறகு நிற்கும் இடம், அதற்கப்புறம்தான் அளவீடு. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையை அடைக்க மூன்று மாதம் கழித்து வரும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தையல் டேப். அறையில் உள்ள எல்லா ஏப்ரன்களின் பட்டியல்: அளவு, ஈயத் தடிமன், வாங்கிய வருடம். உங்கள் பெயரில் ஒரு டி.எல்.டி பேட்ஜ், அதாவது உங்கள்மேல் விழும் கதிரை அளக்கும் அட்டை. கேஸ் எதுவும் இல்லாத அரை மணி நேரம், அறையைத் திறந்துவிட ஒருவர். உங்கள் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, அதாவது ஆர்.எஸ்.ஓ யார் என்ற விவரம்.

கடைசியாகச் சொன்னதுதான் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் இந்த வகை எக்ஸ்ரே கருவி இயங்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், ஆர்.எஸ்.ஓ இல்லாமல் அந்த உரிமம் இல்லை. ஆகவே அப்படி ஒருவர் கண்டிப்பாக இருக்கிறார். பெயரைக் கேட்டு, நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பின்னால் இரண்டாவது பேட்ஜ் கேட்கும்போதும், கர்ப்பத்தைத் தெரிவிக்கும்போதும் இவரிடம்தான் போக வேண்டும். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்க்கிறோம் என்ற நிலை வேண்டாம்.

2. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற படிகளுக்குப் போனால் தவறான இடத்தில் பணமும் உழைப்பும் போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்று, உடலுக்கு வந்து சேரும் கதிரின் அளவு. மற்றொன்று, ஒரே அளவு கதிர் வந்தாலும் உடலில் அது உண்டாக்கும் ஆபத்து.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் வெளியிட்ட, கதிர்வீச்சின் ஆபத்தைப் பற்றிய BEIR VII அறிக்கையின் மதிப்பீடு இது: ஒரு லட்சம் ஆண்கள் தலா 100 மில்லிசீவர்ட் (உடலுக்கு வரும் கதிரைச் சொல்லும் அலகு) வாங்கினால், வாழ்நாளில் கூடுதலாகச் சுமார் 800 பேருக்குத் திடக்கட்டிப் புற்றுநோய் வரலாம். அதே கதிரை ஒரு லட்சம் பெண்கள் வாங்கினால் சுமார் 1,300 பேர். மார்பகமும் தைராய்டும் நுரையீரலும் இதற்கு முக்கியக் காரணம். ரத்தப் புற்றுநோயில் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மில்லிசீவர்ட்டில் சொல்லப்படும் 'எஃபெக்டிவ் டோஸ்' என்பது ஆண் உடலுக்கும் பெண் உடலுக்கும் கணக்கிட்டு, இரண்டையும் சராசரி எடுத்த எண். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் அந்தக் கணக்கில் மார்பகத்துக்குத் தரும் எடைக்காரணியை 0.05-இலிருந்து 0.12 ஆக உயர்த்தியது. அந்த 0.12-ம் இருபாலருக்கும் பொதுவான சராசரிதான். ஒரு ஆணின் பேட்ஜிலும் ஒரு பெண்ணின் பேட்ஜிலும் 2 மில்லிசீவர்ட் என்று வந்தால், ஆபத்தும் ஒன்று என்று பொருளல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயத்துக்கு வருவோம். அறையில் நிற்பவர்மேல் விழும் கதிர் எக்ஸ்ரே டியூபிலிருந்து நேராக வருவதில்லை. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருகிறது. அந்தச் சிதறல் கதிருக்கு நீங்கள் ஆணா பெண்ணா என்பது தெரியாது. ஏப்ரன் உடலோடு ஒட்டி நிற்கிறதா, மேசைக்கு உங்கள் உயரம் எவ்வளவு, எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பவைதான் கணக்கு. பெண்கள் சராசரியாகக் குள்ளமானவர்கள், ஏப்ரனும் மேசையும் ஆண் அளவுக்கு வைத்தவை என்பதால் இந்த மூன்றும் சேர்ந்து அவர்களுக்குப் பாதகமாகின்றன. உடலின் தன்மையை மாற்ற முடியாது. இந்த மூன்றையும் மாற்றலாம், அதுவும் குறைந்த செலவில். அதனால்தான் நான் இவற்றிலேயே அதிக நேரம் செலவழிக்கிறேன்.

3. ஏப்ரனை உடலுக்கு ஏற்றதாக்குங்கள்

மார்பகப் புற்றுநோய்களில் சுமார் பாதி, மார்பகத்தின் மேல் வெளிப்பக்கத்தில், அக்குளை ஒட்டிய பகுதியில் தோன்றுகின்றன. கையில்லாத ஏப்ரனில் திறந்து கிடப்பதும் அதே இடம்தான். பெண் உடல் வடிவப் பொம்மைக்கு ஏப்ரன் போட்டு, சி-ஆர்ம் (ஒரு முனையில் டியூபும் மறுமுனையில் படம் பிடிக்கும் டிடெக்டரும் உள்ள எக்ஸ்ரே கருவி) பக்கத்தில் நிறுத்தி அளந்த சோதனைகளில் இது தெளிவாகவே தெரிந்தது: பெரிய அளவு ஏப்ரன், தளர்ந்த கைத்துளை என்றால் அந்தப் பகுதிக்கு வரும் கதிர் கூடுகிறது. அமெரிக்காவில் சி-ஆர்ம் அதிகம் பயன்படுத்தும் பெண் எலும்பு அறுவை மருத்துவர்களிடம் நடந்த ஒரு கணக்கெடுப்பில், எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. எண்ணிக்கை சிறியது, கதிர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஓட்டையை அடைக்க நிரூபணம் தேவையில்லை என்பது என் கருத்து.

சரி, சோதனையைத் தொடங்குங்கள். ஏப்ரன் போட்டு, பெல்ட் கட்டி, கண்ணாடி முன்னால் நில்லுங்கள். உடன் வேலை செய்யும் ஒருவரை இடப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டபடி பார்த்தால் எல்லா ஏப்ரனும் நன்றாகத்தான் தெரியும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கதீட்டர் பிடிக்கும்போதும், ப்ரஷர் பேக் மாட்டும்போதும் கை எப்படி இருக்குமோ அப்படித் தூக்குங்கள். இப்போது பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் ஸ்க்ரப் துணி எவ்வளவு தெரிகிறது? இரண்டு விரல் அகலத்துக்கு மேல் தெரிந்தால் அந்த ஏப்ரன் உங்களுக்கானதல்ல. இரண்டு விரல் என்பது என் கைக்கணக்கு, எந்த விதியிலும் இல்லை. ஆனால் எல்லோராலும் உடனே அளக்க முடிகிற கணக்கு.

இடப்பக்கம் ஏன்? தொடை இடுக்கு வழியாகச் செய்யும் சிகிச்சையில் பெரும்பாலும் நோயாளியின் வலப்பக்கம் நிற்கிறோம். அப்போது நோயாளியின் வயிறும் மார்பும், அதாவது கதிர் பாயும் இடம், நமக்கு இடப்பக்கம். சிதறல் வந்து விழுவது இடது அக்குளில். வலது கைத்துளை தளர்வாக இருப்பதைவிட இடது தளர்வாக இருப்பது மோசம்.

அடுத்தது முன்பக்க மடிப்பு. சுற்றிக் கட்டும் வெஸ்ட் வகை ஏப்ரனில் துணி ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. ஈயத்துக்குச் சமமாக இருக்கும். முன்னால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால்தான் 0.5 மி.மீ. மார்பு பெரிதாக உள்ள ஒருவர் தோள் அளவை மட்டும் பார்த்துச் சிறிய வெஸ்ட் போட்டால் மடிப்பு முழுதாகச் சேராது. நெஞ்சின் ஒரு பக்கம் 0.25-ஓடு நின்றுவிடும். வெஸ்டைக் கட்டிய பிறகு உள் மடிப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். அது எதிர்ப்பக்க மார்பகத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். பெரிய அளவு எடுத்தால் கைத்துளை தளர்கிறது, சிறிய அளவு எடுத்தால் மடிப்பு சேரவில்லை என்ற சிக்கல் பெண்களுக்கு அடிக்கடி வரும். அதற்கு வழி, பெண் அளவில் தைத்த வெஸ்ட். அல்லது கைத்துளையில் பொருத்தும் அக்குள் தடுப்பு, அரைக்கை. வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஸ்டென்ட் கிராஃப்டின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

வெஸ்ட், ஸ்கர்ட் என இரண்டு துண்டாக வருவதையே வாங்கச் சொல்லுங்கள். எடையின் ஒரு பகுதி இடுப்புக்குப் போகும், தோள் தப்பிக்கும். மாலை நான்காவது கேஸில் தோள் வலித்தால் ஏப்ரனை இழுத்து இழுத்துத் தளர்த்துவோம். காலையில் சரியாகப் போட்டதெல்லாம் அப்போது வீணாகும்.

தைராய்டு ஷீல்டு கழுத்தில் ஒட்டி நிற்க வேண்டும். காந்தப் பூட்டு தளர்ந்துபோனதைப் போட்டால் அது நெஞ்சில் மாலைபோலத் தொங்கும், தைராய்டு வெளியே இருக்கும்.

ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள். உள்ளே ஈயத் தகடு விரிசல் விடும், வெளித்துணி புதிதுபோலவே இருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லா ஏப்ரனையும் மேசையில் விரித்து ஃப்ளூரோவில், அதாவது நேரலை எக்ஸ்ரேயில், பார்க்கச் சொல்லி ரேடியோகிராஃபரிடம் கேளுங்கள். அப்படிப் பார்த்த ஒரு நாள், எல்லோரும் விரும்பி எடுத்துப் போகும் எடை குறைந்த ஏப்ரன் ஒன்றில் மார்புக்கு நேராக உள்ளங்கை நீளத்துக்கு விரிசல் இருந்ததைக் கண்டேன். ஏழு மாதமாக அதை யார் யார் போட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. அன்றிலிருந்து ஏப்ரனுக்கு எண் எழுதி, பொருந்துகிற ஆளின் பெயரையும் அதே கொக்கியில் எழுதி வைக்கிறோம்.

4. மேசை உயரம், முக்காலி, கண்ணாடித் திரை: இந்த வரிசையில்

நோயாளியின் தோல் டியூபிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், டிடெக்டர் உடலுக்கு ஒட்டி வர வேண்டும். அதனால் மேசையை உயர்த்தி வைப்பது நோயாளிக்கு நல்லது. உயரமான மருத்துவருக்கும் வசதி. பக்கத்தில் நிற்கும் 150 செ.மீ. உயரமுள்ள உதவியாளருக்குத்தான் தொல்லை. அவர் கையைத் தூக்கியே வேலை செய்ய வேண்டும், கைத்துளை திறக்கும். அதோடு, அதிகச் சிதறல் கிளம்பும் இடமான நோயாளியின் கீழ்ப்பக்கம், மருத்துவருக்கு இடுப்புக்கு நேராக இருப்பது இவருக்கு நெஞ்சுக்கு நேராக வரும்.

மேசையை இறக்கச் சொல்லாதீர்கள்; நோயாளியின் தோலுக்குக் கதிர் கூடும். முக்காலி கேளுங்கள். அகலமான, வழுக்காத, எக்ஸ்ரே பெடலை மறைக்காத முக்காலி. முழங்கை மேசை மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் உயரம் போதும்.

முக்காலியில் ஏறிய பிறகுதான் மேலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் திரையைச் சரிசெய்ய வேண்டும். முதலிலேயே வைத்துவிட்டால் அது மருத்துவரின் முகத்துக்குத்தான் நிற்கும், உங்கள் முகத்துக்கு நிற்காது. திரையின் கீழ் ஓரம் நோயாளியின் உடலோடு ஒட்டும்படி இறக்குங்கள். எட்டிப் பார்த்தால் திரை வழியாகத்தான் டிடெக்டர் தெரிய வேண்டும். திரைக்கு வெளியே தெரிந்தால் கதிரும் அந்த வழியாகத்தான் வரும்.

மேசைக்குக் கீழே தொங்கும் ஈயத் திரைகள் விலகிப் போயிருக்கின்றனவா என்று கேஸ் தொடங்கும் முன் குனிந்து பாருங்கள். மேசையை நகர்த்தும்போது அவை மடங்கிக்கொள்ளும். ஒருவரும் கவனிப்பதில்லை.

5. எங்கே நிற்கிறீர்கள்

நேர்ப் படத்தில் டியூப் மேசைக்கு அடியில் இருக்கும், சிதறல் பெரும்பாலும் கீழ்நோக்கிப் போகும். சி-ஆர்ம் சாயும்போதுதான் கதை மாறும். டிடெக்டர் நோயாளியின் இடப்பக்கம் சாய்ந்தால், அதாவது எல்.ஏ.ஓ-வில், டியூப் வலப்பக்கம் எழும்பி, நிற்கிறவர்கள் பக்கம் வரும். ஈவாரில் வீக்கத்தின் கழுத்தைத் தெளிவாகக் காண இந்தச் சாய்வு அடிக்கடி வேண்டியிருக்கும். குடல் தமனியின் வாயைப் பார்க்கச் சில சமயம் முழுப் பக்கவாட்டுப் படமே எடுப்பார்கள்.

விதி ஒன்றுதான்: டிடெக்டர் இருக்கும் பக்கம் பாதுகாப்பானது, டியூப் இருக்கும் பக்கம் ஆபத்தானது. ஆர்ம் சாயும்போது டியூப் எங்கே போகிறது என்று பார்த்துப் பழகுங்கள். உங்கள் பக்கம் வந்தால், கையில் வேலை இல்லாதபோது ஓரடி பின்னால் நகருங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர் கால்பங்காகும் என்ற கணக்கு இங்கே அப்படியே வேலை செய்கிறது.

டி.எஸ்.ஏ ரன், அதாவது ரத்தக்குழாயை மட்டும் காட்டும் தொடர் படங்கள், எடுக்கும்போது கட்டாயம் விலகுங்கள். ஒரு ஃப்ளூரோ படத்துக்கு ஆகும் கதிரைப்போல் பல மடங்கு ஒரு டி.எஸ்.ஏ படத்துக்கு ஆகும். ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்தைக் கையால் தள்ளினால் மேசையருகிலேயே நிற்க வேண்டும். தானாகத் தள்ளும் இன்ஜெக்டர் வைத்தால் எல்லோரும் திரைக்குப் பின்னால் போகலாம். கையால் தள்ளும் வேலை பெரும்பாலும் ஜூனியரிடம்தான் வரும். அந்த ஜூனியர் பல சமயம் பெண். "இன்ஜெக்டர் போட்டுடலாமா சார்?" என்று கேட்பதில் தவறே இல்லை. நான் பார்த்தவரை நல்ல மருத்துவர்கள் மறுப்பதில்லை, மறந்துதான் போகிறார்கள்.

மயக்க மருத்துவரும் சர்க்குலேட்டிங் நர்ஸும் செய்யும் தவறு வேறு. மருந்து எடுக்கத் திரும்பும்போது முதுகைக் காட்டுவார்கள். முன்பக்கம் மட்டும் ஈயமுள்ள ஏப்ரன் போட்டிருந்தால் முதுகில் வெறும் பட்டைகள்தான். அறைக்குள் நடமாடுகிறவருக்குச் சுற்றுவட்ட ஏப்ரன் தேவை.

பெடலை மிதிப்பவரின் பங்கு இதில் எல்லோருடையதையும்விடப் பெரிது. விநாடிக்கு 15 பல்ஸுக்குப் பதில் 7.5 போதுமா, கதிர் பாயும் பரப்பைக் கட்டுப்படுத்தும் காலிமேட்டர் குறுகியிருக்கிறதா, ஜூம் தேவைதானா, கடைசிப் படம் திரையில் நிற்கும்போது மறுபடி மிதிக்க வேண்டுமா? இவற்றை ரேடியோகிராஃபர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் பாதியானால் அறையில் உள்ள எல்லோருக்கும் பாதியாகும்.

6. பேட்ஜைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

டி.எல்.டி பேட்ஜ் நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே. அது அளப்பது ஈயத்துக்குப் பின்னால் வந்து சேரும் கதிரை. அக்குள் வழியாக நுழைவதும், கண்ணுக்குப் போவதும் அதற்குத் தெரியாது. பெண் ஊழியரின் ரிப்போர்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், இடது மார்பகத்தின் வெளிப்பக்கம் அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே ஆர்.எஸ்.ஓ-விடம் இரண்டு கேளுங்கள். கழுத்துப் பட்டைக்கு வெளியே அணிய இரண்டாவது பேட்ஜ். கண்ணுக்கும் தைராய்டுக்கும் வருவதை அது ஓரளவு காட்டும். பிறகு ஒரே ஒரு காலாண்டுக்கு இடது அக்குளில், ஏப்ரனின் ஓரத்தில் அணிய ஒரு பேட்ஜ். இது நிரந்தரம் வேண்டாம். ஏப்ரன் மாற்றியபின் ஓட்டை உண்மையில் அடைந்ததா என்று பார்க்கத்தான். எங்கள் அறையில் இதைச் செய்தபோது, வாய்வார்த்தையாகச் சொல்லி இரண்டு வருடம் நகராத கோரிக்கை, காகிதத்தில் எண் வந்ததும் நகர்ந்தது.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகள்: பேட்ஜை ஏப்ரனிலேயே குத்தி அறைக்குள் தொங்கவிட்டுப் போவது, உள்ளே போட வேண்டியதை வெளியே போட்டுவிட்டு அதிக எண் வந்ததும் பயப்படுவது, "இன்னிக்கு என் பேட்ஜ் இல்லை" என்று தோழியுடையதை வாங்கிப் போடுவது. இவற்றைவிட மோசமானது, எண் கூடினால் டியூட்டி போய்விடும் என்று பயந்து பேட்ஜையே கழற்றி வைப்பது. அப்படிச் செய்பவரைத் திட்டாதீர்கள். எண் கூடினால் ஆளை மாற்றாமல் அறையைச் சரிசெய்வோம் என்ற நம்பிக்கையை முதலில் கொடுங்கள்.

இந்தியாவில் ஊழியருக்கான வரம்பு: ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்பு. அது எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. ஒழுங்காக நடக்கும் அறையில் அதன் பக்கத்திலேயே போக வேண்டியதில்லை.

7. மேசையில் படுத்திருப்பவர் பெண் என்றால்

முதல் வேலை, மாதவிடாய் வயதில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கர்ப்ப வாய்ப்பைக் கேட்பது. உறவினர் முன்னிலையில் கேட்காதீர்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மையான பதில் வராது. திரையை இழுத்துவிட்டு, தனியாக, கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேளுங்கள்; சந்தேகம் இருந்தால் பரிசோதனை. அறைக்குள் படுக்க வைத்தபின் கேட்பது தாமதம்.

பெருந்தமனி வீக்கம் ஆண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம், அதுவும் முதுமையில். அந்த வயதில் வீக்கம் வெடிக்கும் ஆபத்தின் முன் கதிர் ஆபத்து சிறியது. ஆனால் நம் ஊரில் கேத் லேப் மேசைக்கு வரும் இளம்பெண்கள் வேறு நோய்களோடு வருகிறார்கள். டாகாயாசு தமனி அழற்சி பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் உள்ள பெண்களைத் தாக்கும்; சிறுநீரகத் தமனி, பெருந்தமனி என்று திரும்பத் திரும்பப் பலூன் சிகிச்சை வேண்டியிருக்கும். கருப்பை நார்க்கட்டி எம்போலைசேஷன், வீங்கிய இடுப்புச் சிரைகளை அடைக்கும் சிகிச்சை எல்லாம் பெண்களுக்கானவை. இவர்களுக்கு முன்னால் நாற்பது ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது. கதிரைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

இடுப்புப் பகுதியில் வேலை செய்யும்போது சினைப்பைகள் கதிர் பாயும் வட்டத்துக்குள்ளேயே இருக்கும். ஆணின் விரைகள் பெரும்பாலும் வட்டத்துக்கு வெளியே. அதற்காக வயிற்றின்மேல் ஈயத் துண்டு போடாதீர்கள். அது வட்டத்துக்குள் வந்தால் கருவி தானாகவே கதிரைக் கூட்டிவிடும், பாதுகாக்கப்போய்க் கெடுத்ததாகும். காலிமேட்டரைக் குறுக்குங்கள், டி.எஸ்.ஏ எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரே கோணத்தில் நீண்ட நேரம் நிற்காதீர்கள்.

மார்புப் பகுதி சிகிச்சையில், டியூப் கீழே இருக்கும் வரை மார்பகம் கதிர் வெளியேறும் பக்கம் இருக்கும். அங்கே அளவு குறைவு. செங்குத்தான சாய்விலும் பக்கவாட்டிலும், டியூப் பக்கமுள்ள மார்பகம் கதிர் நுழையும் பக்கமாகிவிடும். அந்தக் கோணம் உண்மையிலேயே வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். வேண்டுமென்றால் சுருக்கமாக முடிக்கலாம்.

எண்களைப் படிப்பதில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. கேஸ் முடிவில் வரும் டி.ஏ.பி எண்ணை (கதிரின் அளவை அது பாய்ந்த பரப்பால் பெருக்கியது) வைத்து ஆண், பெண் நோயாளிகளை ஒப்பிடுகிறார்கள். பருத்த உடலை ஊடுருவக் கருவி அதிகக் கதிரை அனுப்பும். சில சென்டிமீட்டர் தடிமன் கூடினாலே தேவை இரட்டிப்பாகும். மெலிந்த பெண்ணுக்குக் குறைந்த எண் வரும். "பெண்களுக்குக் குறைவாகத்தான் போகிறது" என்று கோப்பை மூடிவிடுவார்கள். எண் குறைவு என்பதும் ஆபத்து குறைவு என்பதும் ஒன்றல்ல என்று இரண்டாவது பகுதியில் சொன்னது இங்கேயும் பொருந்தும். மறுபக்கம், பெண்களின் இடுப்புத் தமனிகள் சிறியவை. ஸ்டென்ட் கிராஃப்டைச் செலுத்தும் தடித்த ஷீத் குழாய் நுழையச் சிரமப்படும், ஃப்ளூரோ நேரம் நீளும். முன்கூட்டியே சி.டி-யில் தமனியின் விட்டத்தை அளந்து, வழியைத் தீர்மானித்துக்கொண்டு அறைக்குள் போனால் அந்த நேரம் மிஞ்சும்.

தோலுக்கு வந்த கதிரைக் கணிக்கக் கருவி காட்டும் ஏர் கெர்மா எண் 5 கிரேயைத் தாண்டினால் நோயாளியிடம் சொல்லி, எந்த இடத்துத் தோலைப் பார்க்க வேண்டும் என்று விளக்கி அனுப்புங்கள். இது இருபாலருக்கும் பொது. பெண் நோயாளிகள் முதுகு, இடுப்புத் தோலில் வரும் சிவப்பைக் கூச்சத்தால் காட்டாமல் விடுவதுண்டு. அதனால் பெண் நர்ஸ் ஒருவர் சொல்லி அனுப்புவது பலன் தரும்.

8. ஊழியர் கர்ப்பமானால்

தெரிந்த அன்றே ஆர்.எஸ்.ஓ-விடம் எழுத்தில் கொடுங்கள். அறிவித்த பிறகுதான் சிசுவுக்கான தனி வரம்பு நடைமுறைக்கு வரும்: மீதமுள்ள கர்ப்ப காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட். அறிவிக்காமல் காத்திருக்கும் வாரங்களில் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

பிறகு அடிவயிற்று மட்டத்தில், ஏப்ரனுக்கு உள்ளே ஒரு பேட்ஜ். மூன்று மாதம் காத்திருக்காமல் உடனுக்குடன் எண் பார்க்க, டிஜிட்டல் பாக்கெட் டோசிமீட்டர் கிடைத்தால் அதையும் அதே இடத்தில் அணியுங்கள். வயிறு பெரிதாகும்போது ஏப்ரனின் மடிப்பு மறுபடி விலகும். மாதம் ஒரு முறை மூன்றாவது பகுதியின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டு ஏப்ரன் போடாதீர்கள். 0.5 மி.மீ. ஈயமே வரும் சிதறலில் 95 சதவீதம் அளவுக்குத் தடுத்துவிடுகிறது. இரண்டாவது ஏப்ரன் சேர்ப்பது சிறிதளவுதான், முதுகுக்குக் கொடுக்கும் சுமையோ பெரிது.

கர்ப்பிணி கேத் லேபில் வேலையே செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சிசுவுக்கு வரும் கதிர் வரம்புக்குள் இருக்கும்படி வேலையை அமைக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. தொடர்வதா, வேறு பிரிவுக்குப் போவதா என்பதில் அந்தப் பெண்ணின் பேச்சுக்கு முதல் மதிப்பு தர வேண்டும். கேட்காமலே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் இருந்த மருத்துவர் ஒருவருக்கு அதனால் ஒரு வருடமே தள்ளிப்போனது. அதைப் பார்த்த அடுத்தவர் ஐந்தாம் மாதம் வரை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவருக்கு நடந்த அநியாயம் இன்னொருவரின் சிசுவுக்கு ஆபத்தாக வந்து முடிவது இப்படித்தான்.

கர்ப்பம் தெரியாமல் சில வாரம் வேலை செய்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல்: சிசுவுக்கு 100 மில்லிகிரேக்குக் கீழ் வந்த கதிருக்காக மட்டும் கர்ப்பத்தைக் கலைக்கக் காரணமில்லை என்பது சர்வதேச ஆணையத்தின் நிலைப்பாடு. ஏப்ரனுக்குள் வேலை செய்தவருக்கு வந்திருப்பது சாதாரணமாக அதில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. பேட்ஜ் எண்ணை எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.ஓ-விடமும் மகப்பேறு மருத்துவரிடமும் பேசுங்கள்.

9. காலாண்டுக்கு ஒரு முறை ஒப்பிடுங்கள்

ரிப்போர்ட் வந்ததும் பூஜ்யம் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள்: பேட்ஜ் எண், எத்தனை கேஸ், மொத்த டி.ஏ.பி, எந்த வேலை, எந்தப் பக்கம் நின்றார், உயரம், ஏப்ரன் எண்.

ஒப்பிடும்போது ஒரே வேலை செய்பவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். தலைமை மருத்துவரான ஆணையும் சர்க்குலேட்டிங் நர்ஸான பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது வேலையின் வித்தியாசம்தான். முதல் உதவியாளர் இடத்தில் நின்ற ஆணையும் பெண்ணையும் எடுத்து, அவரவர் பேட்ஜ் எண்ணை அவரவர் கேஸ்களின் மொத்த டி.ஏ.பி-யால் வகுங்கள். அப்போதும் பெண்ணின் எண் கூடுதலாக இருந்தால் அந்த அறையில் ஏதோ அவருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அப்போது தேடும் வரிசையும் இதே வரிசைதான். முதலில் அவர் போடும் ஏப்ரனை ஃப்ளூரோவில் பாருங்கள். அப்புறம் ஒரு கேஸ் முழுக்கக் கண்ணாடி அறையிலிருந்து அவர் நிற்கும் விதத்தைப் பாருங்கள்: திரை அவருக்கு மறைக்கிறதா, முக்காலி இருக்கிறதா, ரன் எடுக்கும்போது நகர்கிறாரா, நகர இடம் இருக்கிறதா. கடைசி முறை நான் அப்படி உட்கார்ந்து பார்த்தபோது, இன்ஜெக்டரின் வண்டி அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நெருக்கி நின்றிருந்தது. அவர் பின்னால் போக நினைத்தாலும் போக முடியாது. வண்டியை மேசையின் கால்பக்கம் மாற்றினோம்.

மாற்றிய தேதியை நோட்டில் எழுதுங்கள். அடுத்த காலாண்டு எண் வரும்போது அந்தத் தேதி இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.